ஊமைப் படத்துக்கு என்ன மொழி? மராத்தி சினிமாவின் தொடக்க காலம், ஓர் எளிய அறிமுகம்

மராத்தியின் முதல் படம் எது என்று விவரம் தெரிந்த மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் 1912 என்பார், அடுத்தவர் 1913 என்பார், மூன்றாமவர் 1932 என்று அடித்துச் சொல்வார். வேடிக்கை என்னவென்றால் மூவரும் தப்பாகச் சொல்லவில்லை. 'மராத்திப் படம்' என்றால் என்ன என்பதில்தான் அவர்களுக்குள் வேறுபாடு. அதைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து மராத்தி சினிமாவில் பாதி புரிந்துவிடும்.

மராத்திக்காரர்கள் சினிமாவைச் 'சித்ரபட்' என்பார்கள். பேசாத படம் 'மூக்பட்', பேசும் படம் 'போல்பட்'. காதுக்கு நம் 'படம்' போலவே ஒலிக்கும் சொற்கள், சீக்கிரம் பழகிவிடும். இப்போது கேள்விக்கு வருவோம். மூக்பட்டில் யாரும் பேசுவதில்லை. அப்படியானால் அதற்கு மொழி ஏது?

1912 மே 18 அன்று, பம்பாய் கிர்காவ் பகுதியில் இருந்த கொரனேஷன் அரங்கில் 'ஸ்ரீ புண்டலிக்' திரையிடப்பட்டது. எடுத்தவர் தாதாசாகேப் தோர்ணே. மராத்தி மேடையில் நடந்துகொண்டிருந்த ஒரு நாடகத்தை, அதன் நடிகர்களை வைத்தே படம்பிடித்தார். சுமார் 22 நிமிடம் ஓடும். இதை முதல் படம் என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் சொல்லும் காரணங்கள் எளிமையானவை: அது நாடகத்தின் பதிவுதான், கேமராவை இயக்கியவர் ஓர் ஆங்கிலேயர், பிலிமைக் கழுவியது லண்டனில். என்னைக் கேட்டால் முதல் காரணம் மட்டும்தான் கொஞ்சம் கனமானது. எங்கே கழுவினார்கள் என்பதை வைத்துப் படத்துக்கு ஊர் சொல்ல ஆரம்பித்தால், பிற்காலத்துப் படங்கள் பலவற்றுக்கும் சிக்கல் வரும்.

1913 என்று சொல்பவர் மனதில் இருப்பது தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா'. நாசிக் அருகே திரியம்பகேஷ்வரில் 1870ல் பிறந்தவர் பால்கே. புகைப்படம், அச்சுத்தொழில், மந்திர வித்தை என்று பல கைவேலை தெரிந்தவர். பம்பாயில் இயேசுவின் வாழ்க்கை பற்றிய ஒரு படத்தைப் பார்த்ததும், நம் தெய்வங்களும் இப்படித் திரையில் வரவேண்டும் என்ற வெறி பிடித்துக்கொண்டது. 1912 தொடக்கத்தில் லண்டனுக்குப் போய் வேலை கற்றார், ஒரு வில்லியம்சன் கேமராவை வாங்கிக்கொண்டு திரும்பினார். அப்புறம் பணம் வேண்டுமே. பணம் போடுபவர்களை நம்பவைக்க, தொட்டியில் பட்டாணிச் செடி முளைத்து வளர்வதைத் தினம் கொஞ்சமாகப் படம்பிடித்து ஒரு குறும்படமாகக் காட்டினார். மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் உதவின.

பணத்தைவிடப் பெரிய சிக்கல், நடிகை. ஹரிச்சந்திரனின் மனைவி தாராமதியாக நடிக்க எந்தப் பெண்ணும் முன்வரவில்லை. கடைசியில் பால்கே கண்டுபிடித்தது ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்த இளைஞரை: அண்ணா சாலுங்கே. கடையில் அவருக்கு மாதம் 10 ரூபாய், பால்கே 15 தருவதாகச் சொன்னார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. தாராமதி கிடைத்தாள், தோழிமார் வேடம் போட்ட ஆண்களிடம் அடுத்த தகராறு. மீசையை எடுக்க மாட்டேன் என்றார்கள். அப்பா உயிரோடு இருக்கும்போது மகன் மீசையை மழிப்பதாவது! ஒவ்வொருவரையும் சமாதானப்படுத்தித்தான் படப்பிடிப்பு நடந்ததாம். சாலுங்கே இதோடு நிற்கவில்லை. 1917ல் வந்த 'லங்கா தகன்' படத்தில் ராமனும் அவர்தான், சீதையும் அவர்தான்.

'ராஜா ஹரிச்சந்திரா' 1913 மே 3 அன்று அதே கொரனேஷனில் வெளியானது. இன்றைக்கு 'ரிலீஸ்' என்றதும் மனதில் வருவதை ஒதுக்கிவிட்டு அந்த மாலையைக் கற்பனை செய்யுங்கள். படம் முக்கால் மணி நேரம்கூட ஓடாது. அதை மட்டும் காட்டி டிக்கெட் விற்க முடியுமா என்ற பயம் அரங்குக்காரர்களுக்கு. அதனால் கூடவே ஓர் ஆட்டம், ஒரு நகைச்சுவைத் துண்டு, காலால் பொருள்களைச் சுழற்றி வித்தை காட்டும் ஒருவர் என்று ஒரு கலவையான நிகழ்ச்சி. மராத்தி நாடகம் என்றால் மணிக்கணக்காக ஓடும், விடியவிடியப் பாட்டு இருக்கும். அதே காசுக்கு இவ்வளவு குட்டியான ஒன்றை யார் பார்ப்பார்கள்? அதற்குப் பால்கே தரப்பு கொடுத்த விளம்பரம் பிரசித்தம்: 57,000 புகைப்படங்கள் கொண்ட காட்சி, இரண்டு மைல் நீளப் படம், எல்லாம் மூன்றே அணாவுக்கு! நான் ஒரு முறை இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். படத்தின் நீளம் சுமார் 3,700 அடி, ஓர் அடி பிலிமில் 16 கட்டம். பெருக்கினால் 59,200. ஆக, புகைப்படக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் 3,700 அடி என்பது ஒரு மைல்கூட இல்லை, முக்கால் மைலுக்கும் கொஞ்சம் கம்மி. இரண்டு மைல் என்பது வியாபாரம்!

சரி, மொழிக்கு வருவோம். பேசாப் படத்தில் காட்சிக்கு நடுவே எழுத்து அட்டை வரும். 'ராஜா ஹரிச்சந்திரா'வுக்கு மராத்தி, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அட்டைகள் இருந்தன. அட்டையை மாற்றினால் மொழி மாறிவிடும், அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த அரங்கில் யாராவது அதை உரக்கப் படிப்பார்கள், பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் ஒலிக்கும். எந்த ஊரில் ஓடுகிறதோ அந்த ஊர் மொழியில் படம் 'பேசியது'. அந்தக் கணக்கில் பார்த்தால் பால்கேயின் படம் எல்லா மொழிக்கும் சொந்தம். ஆனாலும் எடுத்தவர், நடித்தவர்கள், வளர்ந்து வந்த நாடக மரபு, முதலில் பார்த்த கூட்டம் என்று சேர்த்துப் பார்த்தால் அதன் மராத்தி வேரை மறுக்கவும் முடியாது. பால்கேயின் அடுத்த படமான 'மோகினி பஸ்மாசுர'த்தில் துர்காபாய் காமத், அவர் மகள் கமலாபாய் என்று இரு பெண்களே நடித்தார்கள். அவர்களும் மராத்தி மேடையிலிருந்து வந்தவர்கள்தான்.

கோலாப்பூர்க்காரர்கள்

பம்பாயையே பார்த்துக்கொண்டிருந்தால் மராத்தி சினிமாவின் உண்மையான பட்டறையைத் தவறவிடுவோம். அது கோலாப்பூர். அப்போது தனி சமஸ்தானம். மல்யுத்தம், பாட்டு, நாடகம், ஓவியம் எல்லாவற்றுக்கும் அங்கே ஆதரவு இருந்தது. நாடகங்களுக்குத் திரைச்சீலை வரைந்துகொண்டிருந்த பாபுராவ் மேஸ்திரியை ஊர் 'பெயிண்டர்' என்றே அழைத்தது, அதுவே பெயராக நிலைத்துவிட்டது. வெளிநாட்டுக் கேமரா வாங்கக் காசில்லாததால் சீடர் தாம்லேயோடு சேர்ந்து கேமராவைத் தாங்களே செய்துகொண்டார்கள். மகாராஷ்டிரா பிலிம் கம்பெனி பிறந்தது அப்படித்தான். முதல் முதலீட்டில் பெரும்பங்கு கொடுத்தவர் தானிபாய் காகல்கர் என்ற பாடகி.

1920ல் அவர்களின் 'சைரந்திரி' வந்தது. பீமன் கீசகனைக் கொல்லும் காட்சி அளவுக்கு மீறித் தத்ரூபமாக இருந்ததால் தணிக்கையில் கத்தரி விழுந்தது. திலகர் படத்தைப் பாராட்டி பாபுராவுக்கு 'சினிமா கேசரி' என்று பட்டம் கொடுத்தார். இந்தக் கேசரிக்குச் சிங்கம் என்று பொருள், திலகரின் பத்திரிகைக்கும் அதே பெயர்தான். நம் வீட்டு இலையில் விழும் கேசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் எனக்கு பாபுராவின் ஒரு படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் உண்டென்றால் அது 1925ல் வந்த 'சாவ்காரி பாஷ்'. 'சாவ்கார்' என்றால் வட்டிக்குக் கடன் கொடுப்பவர், 'பாஷ்' என்றால் கண்ணி. புராணமும் மராட்டிய மன்னர் சிவாஜியும் திரையை ஆண்ட காலத்தில், கடன் கொடுத்தவரின் பொய்ப் பத்திரத்தில் நிலத்தை இழந்து நகரத்து ஆலைக்குக் கூலியாகப் போகும் ஒரு விவசாயியின் கதை. விவசாயியாக நடித்தவர் இளம் வி. சாந்தாராம். அரை இருட்டில் ஒரு குடிசை, வாசலில் ஊளையிடும் நாய். இந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பல வருடம் கழித்தும் நினைவுகூர்ந்து எழுதினார்கள். யோசித்துப் பாருங்கள், சத்தமே இல்லாத படம். ஆனால் அவர்களுக்கு அந்த ஊளை கேட்டிருக்கிறது. பதினொரு வருடம் கழித்து பாபுராவே இதைப் பேசும் படமாக மறுபடி எடுத்தார். மௌன மூலம் இன்று இல்லை.

இல்லாமல் போனது இது ஒன்று மட்டுமல்ல. அந்தக் காலத்து நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பிடிக்கும், தீப்பிடிக்காவிட்டாலும் மக்கிப்போகும். ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. 1964ல் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கிய பிறகு, அதில் பணியாற்றிய பி.கே. நாயர் ஊர் ஊராக அலைந்து சேர்த்தவற்றால்தான் பால்கேயின் சில சுருள்களாவது மிஞ்சின. அப்போதும் சந்தேகம் தீரவில்லை. 'ராஜா ஹரிச்சந்திரா' என்று இன்று நாம் பார்ப்பது 1913 படமா, பால்கேயே 1917ல் மீண்டும் எடுத்த படமா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

ஒரே படம், இரண்டு முறை

1929 ஜூன் 1. பாபுராவின் கம்பெனியிலிருந்து சாந்தாராம், தாம்லே, பத்தேலால், தாய்பர் ஆகிய நால்வரும் வெளியேறி, சீதாராம் குல்கர்ணி என்ற நகை வியாபாரியின் பணத்தோடு கோலாப்பூரில் 'பிரபாத்' கம்பெனியைத் தொடங்கினார்கள். பிரபாத் என்றால் விடியல். கொம்பு ஊதும் ஒரு பெண்தான் அதன் சின்னம். மறுவருடமே சிவாஜியைப் பற்றி ஒரு படம் எடுத்தார்கள். தலைப்பில் 'ஸ்வராஜ்ய' என்ற சொல் இருந்ததைத் தணிக்கையாளர்கள் விடவில்லை. 'உதயகால்' என்று பெயர் மாற்றித்தான் வெளியிட்டார்கள்.

1931 மார்ச்சில் பம்பாயில் 'ஆலம் ஆரா' பேசியது. மறுவருடம் பிரபாத்தின் 'அயோத்யேச்சா ராஜா' மராத்தியில் பேசியது. நம் மூன்றாமவர் சொன்ன 1932 இதுதான். கதை? மறுபடியும் ஹரிச்சந்திரன்! பத்தொன்பது வருடத்தில் என்ன மாறியது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது. 1913ல் தாராமதி, மீசை மழித்த ஒரு சாப்பாட்டுக்கடைப் பையன். 1932ல் தாராமதி, துர்கா கோட்டே, ஆங்கிலக் கல்வி பெற்ற வசதியான குடும்பத்துப் பெண். ஹரிச்சந்திரனாக நடித்த கோவிந்தராவ் தேம்பே படத்துக்கு இசையும் அமைத்தார். மேடையில் புகழ்பெற்ற ஆர்மோனியக் கலைஞர் அவர்.

பேச்சு வந்ததும் பழைய தந்திரம் செல்லாமல் போனது. அட்டையை மாற்றி மொழியை மாற்ற முடியாது. டப்பிங் வசதி இல்லை. வசனமும் பாட்டும் படப்பிடிப்பின்போதே பதிவாகும், வாத்தியக்காரர்கள் கேமராவின் கண்ணில் படாமல் எங்காவது உட்கார்ந்து வாசிப்பார்கள். மராத்தி பேசுபவர்களை மட்டும் நம்பினால் போட்ட பணம் திரும்புமா என்ற கவலை வேறு. அதற்கு அவர்கள் கண்ட வழி, ஒரே படத்தை இரண்டு முறை எடுப்பது. அதே அரங்க அமைப்பு, அதே உடை, அதே விளக்கு. ஒரு காட்சியை மராத்தியில் எடுப்பார்கள், பிறகு அதையே இந்தியில் எடுப்பார்கள். 'அயோத்யேச்சா ராஜா'வின் இந்தி வடிவம் 'அயோத்யா கா ராஜா'. இப்படியே 'குங்கு' இந்தியில் 'துனியா ந மானே' ஆனது, 'மாணூஸ்' 'ஆத்மி' ஆனது, 'ஷேஜாரி' 'படோசி' ஆனது.

தொடக்கத்தில் பலர் இங்கே தடுக்கி விழுவார்கள். இந்தி வடிவத்தைப் பார்த்துவிட்டு மராத்திப் படத்தையும் பார்த்துவிட்டதாக நினைப்பார்கள். அப்படி இல்லை. இரண்டும் தனித்தனியாக எடுத்த படங்கள். சில நேரம் நடிகர்களே வேறு. 1934ன் 'அம்ருத் மந்தன்' படத்தில் கொடூரமான ராஜகுருவாக மராத்தியில் கேசவராவ் தாதேயும் இந்தியில் சந்திரமோகனும் நடித்தார்கள். சந்திரமோகனின் கண்கள் திரையை நிறைக்கும் நெருக்கக் காட்சியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், ஆனால் மராத்திக்காரர்கள் அந்த வேடத்தில் பார்த்தது வேறு கண்களை.

1933ல் கம்பெனி புனேக்கு இடம் மாறியது. அதே வருடம் 'சைரந்திரி'யை வண்ணத்தில் கொண்டுவர முயன்று, ஜெர்மனி வரை போய், வண்ணம் சரியாக வராமல் கையைச் சுட்டுக்கொண்டார்கள். இந்தக் காலத்தில்தான் நமக்கு ஒரு சொந்தம் வருகிறது. 1934ல் வெளியான தமிழ்ப் படம் 'சீதா கல்யாணம்' பிரபாத்தின் படப்பிடிப்புக் கூடத்தில் எடுக்கப்பட்டது. இயக்கியவர் பாபுராவ் பெண்டார்க்கர், மராத்திக்காரர். பாபநாசம் சிவனுக்கு இதுவே முதல் திரைப்படம். ராமனாக எஸ். ராஜம், சீதையாக அவருடைய சொந்தத் தங்கை ஜெயலட்சுமி. அந்தப் பொருத்தத்தைப் பற்றி அப்போது முணுமுணுப்பு எழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். சின்னஞ்சிறு பையனாக அதே படத்தில் தலைகாட்டியவர் பின்னாளில் வீணை எஸ். பாலச்சந்தர் ஆனார்.

ஜீஜாயின் செருப்பு

இவ்வளவையும் படித்துவிட்டு ஒரே ஒரு படம்தான் பார்ப்பேன் என்றால், 1936 டிசம்பரில் வந்த 'சந்த் துக்காராம்' பாருங்கள். மகான்களைப் பற்றிய படங்களை மராத்தியில் 'சந்த்பட்' என்பார்கள். அந்த வகையின் சிகரம் இது. இயக்கியவர்கள் தாம்லேயும் பத்தேலாலும். ஓர் இந்துவும் ஒரு முஸ்லிமும் சேர்ந்து எடுத்த பாண்டுரங்க பக்திப் படம் என்பதை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. துக்காராமாக விஷ்ணுபந்த் பாக்னிஸ். மேடையில் பெண் வேடங்களுக்குப் பேர்போனவர்.

துக்காராம் எந்நேரமும் அபங்கம், அதாவது மராத்தி பக்திப் பாட்டு, பாடிக்கொண்டிருப்பார். வீட்டில் அரிசி இல்லை. மனைவி ஜீஜாய் எருமையைக் கவனிக்கிறாள், பிள்ளைகளைக் கவனிக்கிறாள், கணவனைத் திட்டிக்கொண்டே அவனையும் கவனிக்கிறாள். மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது. அவள் என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு கையில் பிள்ளையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, இன்னொரு கையில் செருப்போடு நேராகப் பாண்டுரங்கன் கோவிலுக்குள் போகிறாள், சாமியை நாலு சாத்து சாத்துவதற்கு! பக்திப் படத்தில் இப்படி ஒரு காட்சி. கொட்டகையில் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்திருக்கும். ஜீஜாயாக நடித்த கௌரி பெரிய நடிகை ஒன்றும் இல்லை, பிரபாத்திலேயே சின்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். கடைசியில் துக்காராம் கருடன் மேல் வைகுண்டம் போகிறார். கூட வா என்று கூப்பிட்டதற்கு ஜீஜாய் போகவில்லை. பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது?

பம்பாயில் ஒரே அரங்கில் 57 வாரம் ஓடியது. 1937ல் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறப்புப் பாராட்டும் பெற்றது. இதை அப்போது இந்தியில் இரண்டாம் முறை எடுக்கவில்லை. மராத்தியில் மட்டும் எடுத்த படம்தான் அவ்வளவு தூரம் போனது. படத்துக்காக சாந்தாராம் ஆட்டவலே எழுதிய 'ஆதி பீஜ ஏகலே' என்ற பாடலைப் பலர் துக்காராமின் சொந்த அபங்கம் என்றே நம்பினார்கள், எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று தேடியவர்களும் உண்டு.

மறுவருடம் வி. சாந்தாராமின் 'குங்கு'. நம் குங்குமம்தான். தாய்மாமன் ஏமாற்றி ஒரு கிழவருக்குக் கட்டிவைத்த பெண் நீரா, அவரைக் கணவனாக ஏற்க மறுக்கிறாள். அழுது புலம்பவில்லை, எதிர்த்து நிற்கிறாள். நீராவாக சாந்தா ஆப்டே, கிழவராக கேசவராவ் தாதே. படத்தில் பின்னணி இசை கிடையாது. கடிகாரம் அடிக்கும், கிராமபோன் பாடும், தெருச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். ஒலி வந்து ஆறே வருடத்தில், எதை ஒலிக்க விடக்கூடாது என்று யோசிக்கிற அளவுக்கு வந்துவிட்டார்கள்.

இத்தனை உயரத்தில் இருந்தது ஏன் தேய்ந்தது? ஆள்கள் பிரிந்தார்கள். சாந்தாராம் வெளியேறி 1942ல் பம்பாயில் ராஜ்கமல் கலாமந்திரைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரால் கச்சா பிலிமுக்குத் தட்டுப்பாடு வந்தது, அரசு அளந்து கொடுத்தது. இரட்டைப் பதிப்புக்கு எல்லாமே இரட்டிப்பாக வேண்டும். இருக்கிற பிலிமில் ஒன்றுதான் எடுக்கலாம் என்றால், நாடு முழுக்க விற்கிற இந்தியா, ஒரு பிரதேசத்தில் மட்டும் விற்கிற மராத்தியா? முதலாளிகளுக்கு யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. இன்னொன்றும் உண்டு. தமிழ்ப் படத்துக்கோ வங்காளப் படத்துக்கோ இல்லாத தொல்லை இது: இந்தி சினிமாவின் தலைநகரம் மராத்தி மண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. நல்ல நடிகர், நல்ல ஒளிப்பதிவாளர், நல்ல பாடகர் எல்லோருக்கும் அடுத்த தெருவிலேயே பெரிய சம்பளம் காத்திருந்தது.

பிரபாத் 1953ல் மூடப்பட்டது. அதே வருடம் ஆச்சார்யா அத்ரேயின் 'ஷ்யாம்சி ஆய்' வந்து, மறுவருடம் முதன்முதலாக வழங்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தை வாங்கியது. பிரபாத் இருந்த இடத்தில் 1960ல் திரைப்படக் கல்லூரி வந்தது. 'குங்கு' எடுத்த கூடத்தில் இன்று மாணவர்கள் விளக்கைத் தூக்கி வைத்துப் பழகுகிறார்கள்.

பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. 'குங்கு'வைத் தேடும்போது 'துனியா ந மானே' முதலில் அகப்படலாம். பரவாயில்லை, பாருங்கள். அப்புறம் மராத்திப் பதிப்பைக் கண்டுபிடித்து, நீரா முதல் முறை அந்தக் கிழவரை எதிர்த்துப் பேசும் இடத்தை மட்டுமாவது இரண்டு மொழியிலும் அடுத்தடுத்துக் கேளுங்கள். அதே பெண், அதே அறை. எந்த மொழியில் அவளுக்குக் கோபம் இன்னும் இயல்பாக வருகிறது என்று உங்களுக்கே கேட்கும்.